பேராக் தோட்டப் பெண்களும் அகிம்சையின் வரலாறும்

பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் தமிழ்ப் பெண்கள் ஒருவர் பிள்ளையை இன்னொருவர் வளர்த்தார்கள். ஒருவர் பிரசவத்துக்கு மற்றவர் துணை நின்றார்கள். சாவு வீட்டில் அடுப்பெரியாத நாள்களில் பக்கத்து லயத்துக்காரர்கள் (லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடு) சோறு கொண்டுவந்தார்கள். இந்த வாழ்க்கை வறுமையின் வரலாறாகவும் தொழிற்சங்க வரலாறாகவும் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. அகிம்சையின் வரலாறாக அது அரிதாகவே படிக்கப்பட்டிருக்கிறது. அகிம்சை என்றதும் தண்டியாத்திரையும் உண்ணாவிரதமும் நினைவுக்கு வருமே தவிர, விடியும் முன் பச்சைப்பிள்ளையைக் கையில் வாங்கிக்கொள்ளும் கிழவி நினைவுக்கு வருவதில்லை.

பெண்ணியச் சிந்தனை கடந்த 40 ஆண்டுகளில் இந்தப் பார்வையை மாற்றியிருக்கிறது. அமெரிக்கச் சிந்தனையாளர் சாரா ரடிக் 1989இல் வெளியிட்ட நூலில், பிள்ளை வளர்ப்பதை உணர்ச்சியாக மட்டும் பார்க்காமல், பயிற்சியால் கைவரும் ஒரு சிந்தனை முறையாக விளக்கினார். எளிதில் நொறுங்கக்கூடிய ஓர் உயிரைக் காப்பவர் அன்றாடம் பழகும் பொறுமையிலும் கவனத்திலும் சமாதான அரசியலுக்கான விதை இருப்பதாக அவர் கருதினார். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜூடித் பட்லர் 2020இல் எழுதிய அகிம்சை பற்றிய நூல் இன்னும் ஆழமான இடத்திலிருந்து தொடங்குகிறது. மேற்கத்திய அரசியல் தத்துவம் ராபின்சன் குரூசோவைப் போன்ற தனித்து நிற்கும் ஓர் ஆண்மகனைக் கற்பனை செய்துகொண்டு அவனிடமிருந்தே கதையைத் தொடங்குகிறது. ஆனால் எவரும் நின்றுகொண்டே பிறப்பதில்லை, யாரோ தூக்கியும் ஊட்டியும்தான் நிற்கப் பழகுகிறோம் என்பது அவருடைய வாதம். உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் பிறரைத் தாக்குவது அந்தச் சார்பையே தாக்குவதாகும். இதனோடு அவர் இன்னொரு கேள்வியையும் சேர்க்கிறார்: எந்த உயிர் போனால் உலகம் துக்கம் கொண்டாடுகிறது, எந்த உயிர் போனால் கணக்கில்கூட வைப்பதில்லை? எல்லா உயிர்களும் சமமாகத் துக்கத்துக்கு உரியவை என்று ஏற்கப்படாத வரை அகிம்சை முழுமையடையாது என்கிறார். பேராக்கின் வரலாற்றுக்குள் இந்தக் கேள்வியோடு நுழைந்தால் பல நிகழ்ச்சிகள் வேறு வெளிச்சத்தில் தெரிகின்றன.

மலாயாவின் ரப்பர் வரலாறே பேராக்கில்தான் வேர்பிடித்தது. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ 1877இல் கோலகங்சாரில் தம் மாளிகைத் தோட்டத்தில் நட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் அந்த ஊரில் பெரிய மரமாக நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வாகனங்கள் பெருகி ரப்பர் விலை ஏறியபோது, ஈய வயல்களுக்குப் பேர்போன கிந்தா பள்ளத்தாக்கின் ஓரங்களிலும், சுங்கை சிப்புட், பத்து காஜா, தஞ்சோங் மாலிம் பக்கங்களிலும் காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. ஆள் சேர்ப்பதற்காக 1907இல் குடியேற்ற நிதி ஒன்று அமைக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டபின், தோட்ட மேற்பார்வையாளரான கங்காணியை நம்பிய கங்காணி முறையே தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து ஆள் கொண்டுவரும் முதன்மை வழியாக இருந்தது. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை அது நீடித்தது.

முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1920களின் தொடக்கத்தில் மலாயா இந்தியரில் 1,000 ஆண்களுக்குச் சுமார் 400 பெண்களே இருந்தனர். அதன்பின் தோட்ட நிர்வாகங்கள் குடும்பமாக ஆள் வருவதை விரும்பத் தொடங்கின. குடும்பம் இருந்தால் ஆள் ஓடிப்போகமாட்டான் என்பதும், பெண்ணுக்குக் குறைந்த கூலி கொடுக்கலாம் என்பதும் அந்த விருப்பத்தின் காரணங்கள். 1920களின் பிற்பகுதியில் வகுக்கப்பட்ட நிலையான கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு. இருவரும் அதே உளியால் அதே மரத்தைத்தான் வெட்டினார்கள்.

மரத்தின் இயல்பே தோட்டத்துப் பெண்ணின் நாளை வகுத்தது. ரப்பர் பால் குளிர்ந்த விடியலில்தான் நன்றாக வழியும்; வெயில் ஏறினால் மரத்துக்குள்ளிருக்கும் அழுத்தம் தணிந்து பால் சுருங்கிவிடும். ஆகவே சூரியன் எழுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, தமக்கு ஒதுக்கிய மரவரிசையான நிரைக்குப் போயாக வேண்டும். ஒருவருக்கு 300 முதல் 500 மரங்கள் வரை. வெட்டி முடித்து, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் சேகரித்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பொழுது உச்சிக்கு வந்திருக்கும். பால் குடிக்கும் பிள்ளை வைத்திருக்கும் தாய்க்கும் இதே நேரம்தான், இதே நிரைதான். கணவனும் நிரையில் இருப்பான். அம்மா, மாமியார், அத்தை என்று ஊரில் கைகொடுக்கும் உறவுகள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள்.

இந்த இடைவெளியில் பிறந்ததுதான் ஆயாக் கொட்டகை. லயங்களின் ஓரத்தில் கூரையும் அரைச்சுவரும் கொண்ட கொட்டகை. உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் சேலைத் தூளிகள். மரம் வெட்ட உடல் ஒத்துழைக்காத வயதில் ஒரு பெண், ஆயா. தாய்மார்கள் இருட்டில் பிள்ளையையும் பால் புட்டியையும் மாற்றுத்துணியையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பிள்ளைகள் காப்பகத்துக்கும் பள்ளிக்கும் பேறுகால உதவித் தொகைக்கும் வழி செய்தது. அதற்குப் பின்னால் இந்திய அரசின் நெருக்கடியும் இருந்தது, தோட்டங்களில் கைக்குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த கொடுமையும் இருந்தது, நாளைய தொழிலாளி இன்று பிழைத்திருக்க வேண்டும் என்ற முதலாளியின் கணக்கும் இருந்தது. சட்டம் கொட்டகையைக் கட்டச் சொன்னது. அதற்குள் நடந்ததைச் சட்டம் எழுதவில்லை. எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்தத் தாய்க்குப் பால் வற்றிவிட்டது, யாருடைய கணவன் நேற்று இரவு அடித்தான் என்பதெல்லாம் முதலில் தெரிந்தது ஆயாவுக்குத்தான். வேறொருத்தி தன் பிள்ளையோடு சேர்த்துப் பால் கொடுத்துக் காப்பாற்றிய பிள்ளைகளின் கதைகள் இன்றும் முன்னாள் தோட்டக் குடும்பங்களில் சொல்லப்படுகின்றன. பட்லர் எழுத்தில் வாதிட்ட சார்புநிலை இங்கே அன்றாட வேலையாக நடந்துகொண்டிருந்தது.

இதை இனிமையான கூட்டுவாழ்க்கையாகச் சித்திரிப்பது நேர்மையாகாது. சார்ந்திருப்பது எப்போதும் சமமாகச் சார்ந்திருப்பதாக அமைவதில்லை. தோட்டம் முழுக்க அந்தச் சமமின்மையின் மேல்தான் நின்றது. வீடு தோட்டத்துடையது, மருத்துவம் தோட்டத்துடையது, முன்பணம் கங்காணியுடையது. வேலை போனால் கூரையும் போகும். பல தோட்டங்களில் சாதி பார்த்து லயம் பிரிக்கப்பட்டது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள எட்டு, பத்து வயதுப் பெண்பிள்ளைகள் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். ஒரு தலைமுறையின் பராமரிப்பு இன்னொரு தலைமுறையின் படிப்பிலிருந்து எடுக்கப்பட்ட கடனாக இருந்தது. கங்காணிகளும் கிராணிகளும் (எழுத்தர்களும்) துரைமார்களும் தங்கள் பதவியைக் கொண்டு பெண்களிடம் அத்துமீறினார்கள். மனைவியைக் கணவன் அடித்ததும் கொன்றதும் காலனிய நீதிமன்றப் பதிவுகளில் நிறையவே உண்டு. வரலாற்றாசிரியர் அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட ஆய்வு நூல், மலாயாவின் இந்தியக் கூலிப் பெண்கள் இந்த நெருக்கடிகளுக்குள் வெறும் பலியாட்களாக இல்லாமல், கிடைத்த சிறு வாய்ப்புகளைப் பயன்படுத்தி வாழ்க்கையைத் தாங்களே திருப்பிக்கொண்ட தருணங்களை ஆவணங்களிலிருந்து எடுத்துக் காட்டுகிறது.

வீட்டு வன்முறைக்கும் கள்ளுக்கடைக்கும் இருந்த உறவைத் தோட்டப் பெண்கள் எவரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே, நிர்வாகத்தின் ஏற்பாட்டில் நடந்தது. சம்பள நாளில் கூலியின் ஒரு பகுதி அங்கேயே திரும்பிப் போனது. 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்த பெரியார் ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டார்; உடன் அவர் மனைவி நாகம்மையாரும் வந்திருந்தார். நாகம்மையாரும் பெரியாரின் தங்கை கண்ணம்மாளும் 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை நடத்தியவர்கள். அந்த மறியலை நிறுத்துவது தம் கையில் இல்லை, ஈரோட்டுப் பெண்கள் இருவர் கையில் இருக்கிறது என்ற பொருளில் காந்தி சொன்னது தமிழ்நாட்டு அரசியலில் பலரும் அறிந்த செய்தி. அப்படிப்பட்ட ஒரு பெண்மணி கிந்தா பள்ளத்தாக்கின் நடுவில் வந்து நின்றது சிறிய நிகழ்ச்சியன்று. சுயமரியாதைக் கருத்துகள் அதன்பின் தோட்டங்களுக்குள் பரவி, திருமணச் சடங்கு, சாதி, குடி ஆகியவற்றைப் பற்றிய பேச்சு லயத்து வாசல்களில் தொடங்கியது. 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் பகுதியில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடை மூடலும் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவதும் கோரிக்கைகளாக வந்தன. 1947இல் பேராக்கின் அண்டை மாநிலமான கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். பெண்கள் அதில் முன்னணியில் நின்றார்கள். வீட்டுக்குள் விழும் அடியை நிறுத்த வீதியில் கூடி, யாரையும் அடிக்காமல் கடை வாசலை அடைத்து உட்கார்ந்தது, பெண்கள் தங்கள் அனுபவத்திலிருந்தே உருவாக்கிய அகிம்சைப் போராட்டம்.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையில் ஜப்பானியர் காலம் வந்தது. 1941 டிசம்பரில் ஈப்போ வீழ்ந்தது. ரப்பருக்குச் சந்தை இல்லாமல் தோட்டங்கள் முடங்கின. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு உணவானது. சயாம் – பர்மா ரயில்பாதைக்கு ஆள் பிடிக்கத் தொடங்கியதும் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ் ஆண்கள் லாரிகளில் ஏற்றிச் செல்லப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் நீளப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில், அதே பாதையில் உழைத்து மாண்ட 6,900க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கல்லறைகள் வரிசையாகப் பராமரிக்கப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. துக்கம் எப்படிச் சமமின்றிப் பங்கிடப்படுகிறது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று மலாயா வரலாற்றில் இல்லை. கணவன் செத்தானா, இருக்கிறானா என்று தெரியாமல் பொட்டு வைப்பதா அழிப்பதா என்று தவித்த பெண்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தார்கள். ஆண் துணை அற்ற அந்த மூன்றரை ஆண்டுகளில் லயங்களை உயிரோடு வைத்திருந்தது பெண்களின் கூட்டு உழைப்பு: கிழங்குத் தோட்டம், கோழி, பகிர்ந்துண்ட கஞ்சி, மூலிகை வைத்தியம் தெரிந்த மருத்துவச்சிகள்.

அதே காலத்தில் ஈப்போவுக்கு அருகில் பாப்பான் என்னும் சிற்றூரில் ஒரு செவிலியர் செய்த காரியம் பேராக் வரலாற்றில் தனியிடம் பெற்றது. சிபில் கார்த்திகேசு 1899இல் சுமத்திராவின் மேடானில் யூரேசியக் குடும்பத்தில் பிறந்தவர், தாயும் மருத்துவச்சி. செவிலியராகவும் மருத்துவச்சியாகவும் பயின்ற அவர், தைப்பிங்கில் பிறந்த தமிழ் மருத்துவர் கார்த்திகேசுவை 1919இல் மணந்தார். 1926 முதல் ஈப்போவின் புரூஸ்டர் சாலையில் இருவரும் மருத்துவ நிலையம் நடத்தினார்கள். கந்தோனிய மொழியைச் சரளமாகப் பேசிய சிபிலிடம் சீனப் பெண்கள் பிரசவத்துக்கு நம்பிக்கையோடு வந்தார்கள். ஜப்பானியர் ஈப்போவைப் பிடிப்பதற்குச் சற்று முன்பு குடும்பம் பாப்பானுக்குக் குடிபெயர்ந்தது. முதன்மைச் சாலையின் 74ஆம் எண் கடைவீட்டில் பகலில் ஊர்மக்களுக்கு வைத்தியம் நடந்தது. இரவில் காட்டிலிருந்து இறங்கி வந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினருக்குக் காயம் கட்டப்பட்டது. வீட்டில் ஒளித்து வைத்திருந்த வானொலியில் வெளியுலகச் செய்தி கேட்டுப் பரப்பினார்கள்.

1943இல் கெம்பெய்தாய் என்னும் ஜப்பானிய ராணுவப் போலீசார் அவரைக் கைது செய்தார்கள். நீர்ச் சித்திரவதையும் அடியும் உதையும் அவரது முதுகெலும்பைச் சிதைத்தன. நடக்க முடியாமல் போனது. சிகிச்சை பெற்றவர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்ததால், அவரது சின்ன மகள் டானைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டி மிரட்டினார்கள். மேலதிகாரி ஒருவர் குறுக்கிட்டதால் குழந்தை தப்பியது. தாய்மையிலிருந்து சமாதானம் பிறக்கும் என்று சொல்லும் தத்துவம் இந்த இடத்தில் திணறத்தான் செய்கிறது. தன் பிள்ளையைக் காப்பதும் பிறர் பிள்ளைகளைக் காப்பதும் எதிரெதிராக நிறுத்தப்பட்ட கணம் அது. சித்திரவதை செய்தவர்கள் குறிவைத்தது உடலை மட்டுமன்று. ஒருவர் மற்றொருவர் மேல் வைத்திருக்கும் பிணைப்பையே ஆயுதமாக்கினார்கள். போர் முடியும் வரை அவர் சிறையிலிருந்தார். விடுதலைக்குப்பின் சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஜார்ஜ் பதக்கம் பெற்றார். தாடையில் பட்ட பழைய காயம் நஞ்சேறி 1948 ஜூன் 12 அன்று அங்கேயே இறந்தார். மறு ஆண்டு உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, புனித மைக்கேல் தேவாலயத்தின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய நினைவுக் குறிப்புகள் 1954இல் நூலாக வந்தன.

ஆயுதம் ஏந்தியவனுக்குக் காயம் கட்டுவது அகிம்சையா என்று கேட்கலாம். மருத்துவச்சியின் தொழில் தர்மத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. வாசலுக்கு வந்த உடல் யாருடையது என்று பார்த்து அவள் பிள்ளையை வாங்குவதில்லை. ஆனால் அரசுகளுக்கு அந்தக் கேள்வி முக்கியம். அதற்கான விடையை அவை வசதிக்கேற்ப மாற்றிக்கொள்வதைச் சிபில் இறந்த அதே வாரம் காட்டியது. அவர் இறந்த நான்காம் நாள், 1948 ஜூன் 16 அன்று, சுங்கை சிப்புட் பகுதியில் எல்பில் தோட்டத்தின் மேலாளர் ஆர்தர் வாக்கரும், வேறொரு தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் ஆகியோரும் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அன்றே பேராக்கின் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரண்டு நாளில் மலாயா முழுவதும் பரவியது. காட்டிலிருந்த கெரில்லாக்களில் பலர் முன்பு ஜப்பானியரை எதிர்த்த அதே படையினர். ஒரு கை கஞ்சியும் ஒரு முடிச்சுத் துணியும் முந்தைய ஆண்டு பதக்கத்துக்குரிய தொண்டாக இருந்தன. இப்போது சிறைக்கு உரிய குற்றமாயின.

இந்த மாற்றத்தின் பாரம் தோட்டப் பெண்களின் மேல்தான் விழுந்தது. லயங்கள் முள்வேலிக்குள் சேர்த்து அடைக்கப்பட்டன. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. நிரைக்குப் போகும்போது வாசலில் வாளியும் மடியும் சோதிக்கப்பட்டன. காட்டுக்குள் சோறு போய்விடக் கூடாதென்று மதியச் சாப்பாட்டைக்கூட எடுத்துச்செல்ல விடவில்லை. மரத்தடியில் துப்பாக்கியோடு நின்று சோறு கேட்பவனுக்கு இல்லை என்றால் அங்கே ஆபத்து, கொடுத்தால் வாசலில் ஆபத்து. கொல்லப்பட்ட மூன்று தோட்டத்துரைகளின் பெயர்கள் எல்லா வரலாற்று நூல்களிலும் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். அவசரகாலம் நீடித்த பன்னிரண்டு ஆண்டுகளில் இரு பக்கத்துக்கும் நடுவில் சிக்கி மாண்ட தோட்டத் தொழிலாளர்களுக்கு அதே இடம் கிடைக்கவில்லை.

ஈப்போவில் 1927இல் பிறந்த ராசம்மா பூபாலனின் வாழ்க்கை இந்த வரலாற்றின் இன்னொரு இழை. 16 வயதில் சுபாஷ் சந்திர போசின் அழைப்பை ஏற்று, இந்திய தேசிய ராணுவத்தின் மகளிர் பிரிவான ஜான்சிராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை சென்றார். அந்தப் படையில் அவரைப் போன்ற படித்த குடும்பத்துப் பெண்களோடு, எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்துப் பெண்களும் ஒரே சீருடையில் நின்றார்கள். துப்பாக்கி ஏந்திய அந்தப் பெண்களை அகிம்சை வரலாற்றிலிருந்து நீக்கிவிடுவது எளிது, ஆனால் தவறு. கங்காணியின் முன் தலைகுனிந்து நின்ற ஒருத்தி முதன்முறையாகத் தலைநிமிர்ந்து நின்ற இடமும் அதுதான். போருக்குப்பின் ராசம்மா ஆசிரியரானார். 1960இல் பெண் ஆசிரியர்களுக்கெனத் தனிச் சங்கம் கண்டு அதன் தலைவராகி, சம வேலைக்குச் சமச் சம்பளம் கேட்டுப் போராடினார். 1963இல் தோன்றிய பெண்கள் அமைப்புகளின் தேசிய மன்றத்தின் தொடக்க காலத்திலும் உழைத்தார். அரசு ஊழியத்தில் பெண்களுக்குச் சமச் சம்பளம் 1969இல் நடைமுறைக்கு வந்தது. மனு, பேச்சுவார்த்தை, சங்கம், ஒன்பது ஆண்டுப் பிடிவாதம். அவர் இரண்டாம் முறை ஏந்திய கருவிகள் இவை.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்படத் தொடங்கின. வெளிநாட்டு நிறுவனங்கள் விற்ற தோட்டங்களை வாங்கியவர்கள் சிறு துண்டுகளாக மறுவிற்பனை செய்ய, தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தோட்டத் தொழிலாளர்களிடம் சிறு தொகைகளாகப் பங்கு திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, விற்பனைக்கு வந்த தோட்டங்களைத் தொழிலாளர்களின் பெயரிலேயே வாங்கினார். அதே சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை 1954இல் விஜயலட்சுமி பண்டிட்டால் திறந்து வைக்கப்பட்டது. அவசரகாலத்தின் முதல் தோட்டாக்கள் வெடித்த ஊரில், ஆறு ஆண்டு கழித்து, முள்வேலிகள் இன்னும் அகற்றப்படாத நேரத்தில், பிள்ளைகளின் பள்ளிக்கு அந்தப் பெயர் வைக்கப்பட்டது. 1969இல் வேலை அனுமதிச் சட்டம் குடியுரிமை இல்லாதோரை விரட்டியபோது சுமார் 60,000 இந்தியர்கள் நாடு திரும்பினார்கள். கணவனுக்கு உரிமை இருந்து மனைவிக்கு இல்லாமல், பிள்ளைக்கு இருந்து தாய்க்கு இல்லாமல் குடும்பங்கள் பிளந்தன.

ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்ததும் பெண்களின் வேலை மாறியது. குலை வெட்டுவது ஆணின் வேலையாகவும், உரம் போடுவதும் மருந்தடிப்பதும் பெண்ணின் வேலையாகவும் பிரிந்தன. முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து, பராகுவாட் என்ற களைக்கொல்லியை முழங்கால் உயரப் புல்லில் அடித்துக்கொண்டே நடந்தார்கள். முகமூடி கொடுத்தாலும் அந்த வெக்கையில் அணிய முடியாது. நகம் உதிர்ந்தது, கண் எரிந்தது, மூக்கில் ரத்தம் வந்தது; நனைந்த துணியோடு வீடு வந்து பிள்ளையைத் தூக்கினார்கள். ஐரின் பெர்னாண்டஸ் 1991இல் நிறுவிய தெனாகானித்தா அமைப்பும் பினாங்கிலுள்ள பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் சேர்ந்து இந்தப் பெண்களிடம் நடத்திய ஆய்வை 2002இல் வெளியிட்டன. அதே ஆண்டு அரசு பராகுவாட்டுக்குத் தடை விதித்தது. 2006இல் தடையை விலக்கியது. 2020 தொடக்கத்தில் மீண்டும் தடை செய்தது. ஒரு நஞ்சு ஓர் உடலோடு நிற்பதில்லை, தாய்ப்பாலிலும் ஆற்றிலும் கலக்கிறது. சார்புநிலை என்ற கருத்தின் மிகக் கடுமையான வடிவம் இதுதான். இரத்தம் சிந்தாத இந்தத் தாக்குதலையும் வன்முறை என்று பெயரிட்டுச் சொல்லத் துணிந்தது பெண்ணியச் சிந்தனை தந்த பெரும் பங்களிப்பு.

1980களிலும் 90களிலும் பேராக் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. பணிநீக்க இழப்பீட்டை 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் நிர்ணயித்தன: ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் கூலி. ஆயாவுக்கும் அதே கணக்கு. மூன்று தலைமுறைப் பிள்ளைகளை வளர்த்த கொட்டகைக்கும், இரவில் எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம் என்ற உரிமைக்கும், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு பொங்கிய கைகளுக்கும் அந்த விதிமுறையில் பத்தி கிடையாது. சுங்கை சிப்புட்டில் மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜும் அவர் மனைவி ராணி ராசையாவும் தோழர்களோடு 'அலைகள்' என்ற அமைப்பின் வழி தோட்ட மக்களைத் திரட்டினார்கள். வீடு கேட்டும் மாதச் சம்பளம் கேட்டும் நடந்த அந்தப் போராட்டங்களில் பெண்கள்தான் பெரும்பாலும் முன்வரிசையில் இருந்தார்கள். மண்வாரி இயந்திரத்துக்கு முன் உட்கார்ந்த பெண்களுக்குக் கூட்டாக இருப்பது புதிதாகக் கற்க வேண்டிய உத்தியாக இருக்கவில்லை. அவர்கள் வளர்ந்ததே அப்படித்தான்.

வெளியேறிய குடும்பங்களில் பல ஈப்போவின் புந்தோங்கிலும் நகரோரக் குறைந்த விலை அடுக்குமாடிகளிலும் தங்கின. கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டு அழுகை கேட்காத சுவர்கள் அங்கே. லயத்தில் அடி விழுந்தால் கிழவிகள் வாசலில் வந்து நின்று சத்தம் போடுவார்கள். அது போதாத காவல்தான், இருந்தாலும் காவல். அடுக்குமாடியில் அதுவும் இல்லை. குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறி 1996இல் நடைமுறைக்கு வந்தது. ஈப்போவில் 2003இல் தொடங்கப்பட்ட பேராக் மகளிருக்கான மகளிர் சங்கம் அடிபட்ட பெண்களுக்கும் தனித்து வாழும் தாய்மார்களுக்கும் ஆலோசனையும் துணையும் அளித்து வருகிறது. ஆயா, மருத்துவச்சி, பக்கத்து லயத்து அத்தை ஆகியோர் ஊதியமும் பட்டமும் இன்றிச் செய்ததில் ஒரு பகுதியை அலுவலகமும் பதிவேடும் கொண்ட அமைப்பு எடுத்துச் செய்கிறது.

மூடாமல் எஞ்சிய தோட்டங்களில் இப்போது இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களே அதிகம். வேலை அனுமதியின்படி அவர்கள் குடும்பத்தை அழைத்துவரக் கூடாது, இங்கே மணம் செய்யக் கூடாது. பெண் தொழிலாளி கருவுற்றால் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுகிறாள். கங்காணி காலத்து முதலாளி குடும்பம் வேண்டும் என்றார், கூலி குறையும் என்பதற்காக. இன்றைய விதி குடும்பம் வேண்டாம் என்கிறது, அதே காரணத்துக்காக. ஆகவே இந்தத் தோட்டங்களில் ஆயாக் கொட்டகைக்குத் தேவை எழுவதில்லை. இங்கே குலை வெட்டுபவரின் பிள்ளையை லொம்போக்கிலோ ஜாவாவிலோ ஒரு பாட்டி வளர்க்கிறாள். அவளுக்கு எந்தத் தோட்டத்துச் சம்பளப் பட்டியலிலும் பெயர் இல்லை.